முதலாளிக்கு என்னவாம்?

1994இல் என் மூத்த மாமாவுக்குச் சென்னை மண்ணடிக் கடையில் இருக்கும்போது நெஞ்சுவலி வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டு மணிக்குள் செய்தி காயல்பட்டினத்துக்கு வந்துவிட்டது. மண்ணடியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒருவர் தன் மச்சானிடம் சொன்னது, “காக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாஹ.” அது எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது “காக்கா மவுத்தாம்” ஆகியிருந்தது. ளுஹர் தொழுதுவிட்டு வந்தவர்களில் இரண்டு பேர் நேரே எங்கள் வாசலுக்கு வந்து, பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் உம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மாமா அந்த நேரத்தில் மூக்கில் குழாயோடு ‘என் கண்ணாடி எங்கே’ என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஊர் அழுதது. மண்ணடியில் வேறு வேலை நடந்தது. மாமா மொத்த வியாபாரி. சரக்குக் கொடுத்தவர்களிடம் அவர் கையெழுத்திட்ட செக்குகள் இருந்தன. கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று வங்கிக்குத் தெரிந்துவிட்டால் அதன்பிறகு அவருடைய செக் பணமாகாது. கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தேதி வந்த பிறகும் ‘நம்ம காக்காதானே, அடுத்த வாரம் போட்டுக்கலாம்’ என்று இழுப்பறையில் கிடந்த செக்குகள் அத்தனையும் அன்று பிற்பகலே வங்கிக்குப் போயின. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் எந்தக் கணக்கு தாங்கும்? மறுநாள் நாலைந்து செக் திரும்பிவிட்டது. செக் திரும்பியது என்ற உண்மைச் செய்தி, காக்கா மவுத்து என்ற பொய்ச் செய்திக்குச் சாட்சியாகப் போய் நின்றது.

மூன்றாம் நாள் காலை மாமாவின் மூத்த மகன் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பேரேட்டைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லிவிட்டு, “வாப்பா ஐசியூவில இருக்காஹ. உங்களுக்கு எவ்வளவு பாக்கின்னு சொல்லுங்க, சரிபாத்து எழுதிக்கிறேன்” என்றார். மத்தியானத்துக்குள் வதந்தி அடங்கிவிட்டது. இத்தனைக்கும் மாமாவின் நிலைமை அன்றைக்குத்தான் மோசமாக இருந்தது. “நான் எழுத ஆரம்பிச்ச பொறவு வாப்பா எப்படி இருக்காஹன்னு ஒருத்தர்கூடக் கேட்கல” என்று அந்த மகன், என் மச்சான், இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

பெரிய நிறுவனத் தலைவர்களின் உடல்நிலை பற்றிக் கிளம்பும் வதந்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லாதான் ஞாபகத்துக்கு வரும். வதந்தியின் வாயில் இருப்பது ‘அவருக்கு உடம்பு எப்படி?’ என்ற கேள்வி. வயிற்றில் இருப்பது ‘என் பணத்துக்கு இனி யார் பொறுப்பு?’ என்ற கேள்வி. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள்கூட முதல் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லிக்கொண்டு, இரண்டாவது கேள்வியைக் காதில் வாங்காமலே இருந்திருக்கின்றன. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

கடன் கொடுத்தவனின் பயத்துக்கு எங்கள் கரையில் வயது அதிகம். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. அது காயல்பட்டினம்தான் என்பதை எங்கள் ஊரார் விட்டுக்கொடுப்பதில்லை. அதே பயணி, மாபார் என்று தான் அழைக்கும் இந்தக் கரை நாட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். இழுத்தடிக்கும் கடன்காரனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணத்தைக் கொடுக்காமலோ ஈடு வைக்காமலோ அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வியாபாரி அப்படி வளைத்து நிறுத்தியதைத் தான் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். உயிரோடு இருப்பவனைச் சுற்றி வட்டம் போடலாம். போய்விட்டவனைச் சுற்றி எங்கே போடுவது? செக்கை எடுத்துக்கொண்டு ஓடிய மண்ணடிக்காரர்களின் அவசரம் இதுதான்.

இந்த விஷயத்தில் பாடப்புத்தகம்போல இருப்பது ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸின் கதை. 2003 அக்டோபரில் அவருக்குக் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். 2004 ஜூலை கடைசியில் அறுவை முடிந்த பிறகுதான் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிச் சொன்னார். வெளியுலகத்துக்கும் அப்போதுதான் தெரியும். இயக்குநர் குழுவுக்கு முன்பே தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை என்று 2008 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழ் எழுதியது. அந்த ஜூன் மாதம் புது ஐபோனை அறிமுகப்படுத்த மேடையேறியவரைப் பார்த்த கூட்டம் போனைப் பார்க்கவில்லை. தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தது. சாதாரணத் தொற்றுதான் என்றது கம்பெனி. அடுத்த மாதம் முதலீட்டாளர்கள் கேட்டபோது, அது அவருடைய சொந்த விஷயம் என்று நிதிப் பொறுப்பாளர் முடித்துக்கொண்டார். ஆகஸ்டில் புளூம்பெர்க் நிறுவனம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரங்கல் செய்தியைத் தவறுதலாக வெளியே விட்டது. செப்டம்பர் மேடையில் ஜாப்ஸ் அதைக் கிண்டலாக்கிக் கைத்தட்டல் வாங்கினார்.

அடுத்தது 2008 அக்டோபர் 3. வாசகர்கள் தாங்களே செய்தி போடலாம் என்று சி.என்.என். திறந்துவைத்திருந்த பகுதியில், ஜாப்ஸுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று யாரோ எழுதினார்கள். முழுப் பொய். ஆப்பிள் பங்கு சில நிமிடங்களில் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கம்பெனி மறுத்த பிறகு மீண்டது. எழுதியவன் பதினெட்டு வயதுப் பையன் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு பையன் எழுதிய நாலு வரி ஏன் அப்படிப் பலித்தது? கம்பெனியின் ‘நலமாக இருக்கிறார்’ என்ற சொல்லுக்கு அதற்குள் மதிப்புப் போய்விட்டிருந்தது. நலமாக இருந்தபோதும் அதையே சொன்னார்கள், நலமில்லாதபோதும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், எப்போதும் ஒரே எடையைக் காட்டும் தராசில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள்.

2009 ஜனவரி 5ஆம் தேதி ஹார்மோன் கோளாறு, வைத்தியம் எளிது என்று ஜாப்ஸ் கடிதம் எழுதினார். ஒன்பதே நாளில், 14ஆம் தேதி, நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது என்று சொல்லி ஜூன் வரை விடுப்பில் போனார். மெம்ஃபிஸ் நகரத்தில் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்ததைக் கம்பெனி சொல்லவில்லை. ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்தான் வெளியிட்டது. அந்த விடுப்பில் ஒரு நல்லதும் நடந்தது. கம்பெனியை டிம் குக் நடத்துவார் என்று பெயர் சொல்லிவிட்டுப் போனார். 2004இலும் அவர்தான் பார்த்துக்கொண்டார். 2011 ஜனவரி விடுப்பிலும் அவர்தான். ஆகஸ்ட் 24இல் ஜாப்ஸ் பதவி விலகி குக் தலைமைக்கு வந்தார். அக்டோபர் 5இல் ஜாப்ஸ் இறந்தார். மறுநாள் ஆப்பிள் பங்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது.

சந்தை பயந்து நடுங்கிக்கொண்டிருந்த 2008 அக்டோபரின் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொய்யான மாரடைப்புக்கு 5 சதவீதம் சரிவு. நிஜமான மரணத்துக்கு ஒன்றும் இல்லை. இடையில் ஜாப்ஸின் உடம்பைப் பற்றிக் கம்பெனி பெரிதாக ஒன்றும் கூடுதலாகச் சொல்லிவிடவில்லை. கல்லாவில் உட்காரப்போகிறவரின் முகம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜாப்ஸ் விவகாரத்தில் 2009இல் வாரன் பஃபெட் ஒரு கருத்துச் சொன்னார்: தலைவர் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறாரா இல்லையா என்பது பங்குதாரருக்குத் தெரிய வேண்டிய முக்கியத் தகவல்தான். ஊருக்குச் சொல்வது எளிது. மூன்று வருடம் கழித்து அது அவர் வீட்டுக்கே வந்தது. 2012 ஏப்ரலில், எண்பத்தொரு வயதில், அவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த 17ஆம் தேதியே தன் கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தானே கடிதம் எழுதினார். முதல் கட்டம், இன்ன சோதனைகள் எடுத்தாயிற்று, ஜூலையிலிருந்து இரண்டு மாதம் கதிர்வீச்சு, அந்த நாட்களில் பயணம் கிடையாது. உறுப்பின் பெயர், கட்டம், வைத்தியம், காலம் நாலையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சம் வைத்து ஊதுவதற்கு யாருக்கும் ஒன்றும் அகப்படாது. ஜேபி மார்கன் வங்கியின் ஜேமி டைமனும் 2014 ஜூலையில் தனக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று இதே பாணியில் எழுதினார். 2020 மார்ச்சில் அவருக்கு அவசர இதய அறுவை நடந்த அன்றே வங்கி விஷயத்தைச் சொன்னது. இன்னின்ன இருவர் பொறுப்பில் இருப்பார்கள் என்று பெயரையும் சொன்னது. மண்ணடியில் என் மச்சான் செய்ததும் இதைத்தான். அவர் மூன்றாம் நாள்தான் செய்தார், அதுதான் வித்தியாசம்.

இதற்கு எதிர்முனை செர்ஜியோ மார்க்கியோன்னே. ஃபியட் கிரைஸ்லரைத் தூக்கி நிறுத்தியவர். 2018 ஜூன் கடைசியில் ரோமில் ஒரு நிகழ்ச்சியில் வெளியே தெரிந்தார். அப்புறம் தோள்பட்டை அறுவைக்காக ஓய்வில் இருக்கிறார் என்றார்கள். ஜூலை 21ஆம் தேதி, அவர் இனித் திரும்ப முடியாது என்று அவசரமாக வேறொருவரை நியமித்தார்கள். 25ஆம் தேதி இறந்துபோனார். ஒரு வருடத்துக்கு மேலாகக் கடுமையான நோய்க்கு எங்களிடம் சிகிச்சை எடுத்துவந்தார் என்றது சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனை. எங்களுக்கே தெரியாது என்றது கம்பெனி. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம். கடை முதலாளி தன் மாத்திரையை வீட்டாருக்குத் தெரியாமல் விழுங்குகிற கதை எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று உண்டு.

சாம்சங் கதை வேறு மாதிரி. 2014 மே மாதம் மாரடைப்பில் விழுந்த தலைவர் லீ குன்-ஹீ ஆறு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து 2020 அக்டோபர் 25இல் இறந்தார். அந்த ஆறு வருடத்தில் எத்தனை முறை அவர் ‘இறந்தார்’ என்று எண்ணிச் சொல்ல முடியாது. 2016 ஜூன் 30ஆம் தேதி கிளம்பிய வதந்தியில் ஒரு விசேஷம்: சாம்சங் சி அண்ட் டி என்ற குழும நிறுவனத்தின் பங்கு இறங்கவில்லை, ஏறியது. அந்த நிறுவனத்தில் அதிகப் பங்கு வைத்திருந்தவர் மகன் லீ ஜே-யோங். தந்தை போனால் சொத்தும் அதிகாரமும் அந்த வழியாகத்தான் கைமாறும் என்று சந்தை கணக்குப் போட்டது. நான்கு வருடம் கழித்து அவர் நிஜமாகவே இறந்த மறுநாளும் அதே பங்கு ஏறியது. மனிதனின் சாவுச் செய்திக்கு விலை ஏறுவது கேட்கவே நன்றாக இல்லை. ஆனால் வதந்தியின் வயிற்றில் இருப்பது எந்தக் கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சட்டம் சமீபத்தில்தான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எதையெல்லாம் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகுத்த 2015ஆம் ஆண்டு விதிகளில் 2023இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நிர்வாக இயக்குநரோ தலைமைச் செயல் அதிகாரியோ உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ எந்த 90 நாளிலும் 45 நாளுக்கு மேல் வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனால், காரணத்தோடு பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். கூடவே வதந்திக்கும் ஒரு விதி வந்தது. முன்னணி ஊடகத்தில் வந்த ஒரு செய்தியால் பங்கு விலை கணிசமாக அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை, அல்லது விவரம் இது என்று கம்பெனி சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் மிகப் பெரிய 100 நிறுவனங்களுக்கும், அந்த டிசம்பர் 1 முதல் 250 நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பொய்ச் செய்தி பரப்பிப் பங்கு வியாபாரம் செய்வது அதற்கு முன்பிருந்தே குற்றம்.

நல்ல விதிகள்தான். ஆனால் 90 நாளில் 44 நாள் படுத்துக் கிடந்தால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விதி பேசுவது நிர்வாக இயக்குநரையும் தலைமைச் செயல் அதிகாரியையும். நம் நாட்டுக் கம்பெனிகளில் சொல்லுக்கு மதிப்புள்ளவர் பல நேரம் அந்த இரண்டு நாற்காலியிலும் இருக்க மாட்டார். அப்பா, தாத்தா, பெரிய ஐயா என்று வேறு ஒரு பெயரில் இருப்பார்.

திருபாய் அம்பானியையே எடுத்துக்கொள்ளலாம். 1986இல் அவருக்கு முதல் பக்கவாதம் வந்தது. வலது கை பாதிக்கப்பட்டது. 2002 ஜூன் 24இல் இரண்டாவது முறை வந்தபோது மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூலை 6இல் இறந்தார். அப்போது அவர் ரிலையன்ஸின் தலைவர். நிர்வாக இயக்குநர்களாக இருந்தவர்கள் மகன்கள் முகேஷும் அனிலும். இன்றைய 45 நாள் விதி அன்று இருந்திருந்தாலும் அவருடைய நோயைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லக் கட்டாயம் இருந்திருக்காது. அந்தப் பன்னிரண்டு நாளும் நாடே அவர் நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. உயில் எழுதியிருக்கிறாரா என்ற கேள்வியை உரக்கக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எழுதியிருக்கவில்லை. 2004 நவம்பரில் அண்ணன் தம்பி சண்டை வீதிக்கு வந்தது. 2005 ஜூனில் தாய் கோகிலாபென் பாகம் பிரித்து அறிவித்த பிறகே ஒரு நிலைக்கு வந்தது. வதந்தி தவறான கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தது. சரியான கேள்விக்குப் பதில் இல்லாததால் மூன்று வருடம் போயிற்று.

ஒரு மனிதனின் மேல் ஒரு கம்பெனி நிற்பதன் விலையைத் தூத்துக்குடி 1908லேயே கொடுத்தாயிற்று. 1906இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குத் தாளில் தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. உதவிச் செயலாளர் மட்டுமே. 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டைப் போன்ற பெரும் பங்குதாரரும் இருந்தார். ஆனாலும் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் கம்பெனியின் உயிர் போய்விட்டது. 1911இல் கலைத்தார்கள். போட்டி போட வாங்கிய கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அது நோய் இல்லை, சிறை. வெள்ளைக்கார அரசின் நெருக்கடியும் போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் சேர்ந்து கொன்ற கதை. இருந்தாலும் கல்லாவில் அடுத்து யார் என்ற கேள்விக்கு அன்றைக்கும் ஆள் இல்லை.

சமீபத்தில் இந்த நாடு முழுக்கப் பேசிய வதந்தி ரத்தன் டாடாவைப் பற்றியது. 2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி பரவியது. சில மணி நேரத்தில் அவர் பெயரிலேயே மறுப்பு வந்தது: வயதுக்கேற்ற பரிசோதனைகள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை, தவறான தகவலைப் பரப்ப வேண்டாம். புதன்கிழமை இரவு அதே பிரீச் கேண்டியில் எண்பத்தாறு வயதில் இறந்துபோனார். மறுப்பை நம்பி ‘அவர் நல்லாருக்காஹ, பாத்தீங்களா’ என்று திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் என்னைத் திருத்திய நண்பர் வியாழக்கிழமை ஒன்றும் பேசவில்லை. எண்பத்தாறு வயது மனிதருக்கு நிம்மதியாகப் படுத்திருக்க உரிமை உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்னது டாடாவுக்கும் சேர்த்துத்தான். எனக்கு அந்த மறுப்பில் கோபம் இல்லை. ஆனால் அடுத்த முறை இன்னொரு பெரிய மனிதர் பெயரில் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று வரும்போது நாம் எப்படி வாசிப்போம் என்பதை அந்த இரண்டு நாள் மாற்றிவிட்டது.

டாடா விஷயத்தில் கவனிக்க வேண்டியது, அந்த வதந்திக்குள் பணக் கேள்வி அநேகமாக இல்லை என்பது. குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸை 2017 முதலே நாமக்கல் மோகனூர்க்காரர் என். சந்திரசேகரன் நடத்திவந்தார். ரத்தன் டாடாவின் கையில் இருந்தது அறக்கட்டளைகளின் தலைமை. அதற்கும் அக்டோபர் 11இல் நோயல் டாடாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கல்லா காலியாக இருக்கவே இல்லை. மிச்சம் இருந்தது வெறும் பாசம். பாசத்தால் கிளம்பும் வதந்தி யாரையும் வங்கிக்கு ஓடவைப்பதில்லை.

எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ரயில் ஆறுமுகநேரி, குரும்பூர் தாண்டினால் கச்சனாவிளை வரும். சரவண பவன் பி. ராஜகோபாலின் சொந்த ஊரான புன்னையடி அந்தப் பக்கம்தான். அவர் கட்டிய வனத்திருப்பதி கோயிலுக்கு அங்கே இறங்கிப் போவார்கள். 2001இல் நடந்த கொலை வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் உறுதிசெய்து, ஜூலை 7க்குள் சரணடையச் சொன்னது. உடல்நிலையைக் காரணம் காட்டி அவகாசம் கேட்டார். இவ்வளவு நோயாளி என்றால் மேல்முறையீடு நடந்தபோது ஒரு நாள்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டு நீதிமன்றம் மறுத்தது. ஜூலை 9இல் ஆம்புலன்ஸில், ஆக்சிஜன் முகமூடியோடு வந்து சரணடைந்தார். அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் பக்கத்து டீக்கடைகளில் சிரித்தவர்கள் அதிகம். வழக்கு என்றாலே நெஞ்சுவலி வரும் பெரிய மனிதர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். ஜூலை 18இல் அவர் இறந்துவிட்டார். தண்டனையின் நியாயம் வேறு பேச்சு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொல்ல வருவது, நலமில்லாதவரை நலம் என்று சொல்லிச் சொல்லி எப்படி நம்பிக்கை போகுமோ, நலமாக இருப்பவர்கள் நோயாளி என்று சொல்லிச் சொல்லியும் அப்படியே போகும் என்பதை. பழகிப்போன பொய்யின் வட்டியை ஒருநாள் உண்மை பேசுகிறவன் கட்ட வேண்டிவரும்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதையெல்லாம் படிக்கும்போது கம்பெனி முதலாளி நினைவுக்கு வருவதற்குள் முதலமைச்சர் வந்துவிடுவார். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். படுத்தபோது ஊரெல்லாம் வதந்தி. புரூக்ளின் ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் படங்களைக் காட்டித்தான் அடக்கினார்கள். 2016 செப்டம்பர் 22இல் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று ஜெயலலிதாவைச் சேர்த்தார்கள். 75 நாளில் ஒரு படம்கூட வெளிவரவில்லை. வதந்தி பரப்பியதாக வழக்குகள் போட்டார்கள், கைது செய்தார்கள். டிசம்பர் 5 மாலை தொலைக்காட்சிகள் அவர் இறந்ததாகச் சொல்லின, கட்சித் தலைமை அலுவலகக் கொடி பாதிக்கு இறங்கியது, ஆஸ்பத்திரி மறுத்தது, கொடி மறுபடி மேலே ஏறியது. நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் அறிவித்தார்கள். அந்த மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆயிற்று. போலீஸைக் கொண்டு வதந்தியை அடக்கப் பார்த்த எந்த இடத்திலும் அது அடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

பங்குச் சந்தைக்குள் வராத சின்னக் கம்பெனிகளின் நிலைமையை யாரும் எழுதுவதில்லை. கொழும்பிலோ ஹாங்காங்கிலோ சென்னையிலோ காயல்பட்டினத்தார் வைத்திருப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. இங்கே ஒருவர் நோயில் விழுந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இந்தியாவின் 1932ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எழுதியிருக்காவிட்டால், ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். தனி ஆள் கடை என்றால் கேட்கவே வேண்டாம். மார்க்கப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரண சாசனம் எழுத முடியாது. மிச்சம் மகன், மகள், மனைவி, தாய் என்று வகுத்த பங்குப்படி போகும். ‘கடை முழுக்க மூத்தவனுக்கு’ என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனாலும் மற்ற வாரிசுகள் ஒப்பாமல் அது செல்லாது. ஆகவே சரக்குக் கொடுத்தவர் பயப்படுவதில் தப்பே இல்லை. அவர் மனிதத்தன்மை இல்லாதவர் என்று நான் சின்ன வயதில் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை.

இந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய மருந்து இருக்கிறது. யாராவது இறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்ன தெரு, இன்ன நேரத்தில் நல்லடக்கம். அதற்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு குரலுக்குப் பிறகு வேறு பேச்சு இல்லை. அந்தக் குரல் ஒருநாளும் முந்திக்கொண்டு சொன்னதில்லை. ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்ற பிறகு வாரிசு ஒருவர் முன்னால் வந்து நிற்பார். கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பொறுப்பு, வாப்பாவை மன்னித்துவிடுங்கள் என்பார். அரை நிமிடம்கூட ஆகாது. தொண்டை அடைத்துப் பாதியிலே நின்றுபோகிறவர்களும் உண்டு. பக்கத்தில் நிற்கும் மாமாவோ மச்சானோ மிச்சத்தைச் சொல்வார்கள். செபியின் விதிப்புத்தகத்தில் எத்தனையோ பக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. இறந்தவரின் நோயைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் இதையெல்லாம் நாம் கேட்பது ஆள் போன பிறகு. படுத்துக் கிடக்கும் மூன்று வாரம், மூன்று மாதத்துக்கு எங்களிடமும் ஒலிபெருக்கி இல்லை. என் மச்சான் இருபத்திரண்டு வயதில் அதைத் தானாகக் கண்டுபிடித்தார்.

மாமா பிழைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பேரேட்டைக் கேட்டு வாங்கினாராம். மகன் எழுதிவைத்த வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். முதல் நாள் பிற்பகலே செக்கை வங்கியில் போட்டவர் யார் என்று கேட்டார். மகன் பெயரைச் சொன்னார். இருபது வருடமாக மாமாவுக்குச் சரக்குக் கொடுத்தவர், ஒன்றாகச் சாப்பிட்டவர். “இனிமே அவங்ககிட்ட வாங்க வேண்டாம் வாப்பா” என்றிருக்கிறார் மகன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அவன் இடத்துல நான் இருந்தா காலையிலேயே போட்டிருப்பேன்” என்றாராம். அந்த வாரம் சரக்கு அவரிடமிருந்துதான் வந்தது.